கடைக்குட்டியின் இடம்



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலை நீங்கள் அறிவீர்கள். அதன் நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பயணிகள் பள்ளத்தாக்கையும் அருவிகளையும் கண்டு களிக்கிறார்கள். பின்னால் மூச்சிரைக்க உழைக்கும் எஞ்சினை நினைப்பவர் சிலரே. நகைச்சுவை மேடையிலும் அவ்வாறு ஒருவர் இருந்தார். அவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மார்க்ஸ் சகோதரர்கள் என்றொரு நாடகக் குடும்பம் இருந்தது. மூத்தவர் சிக்கோ, பியானோ வாசித்து, கொச்சை மொழி பேசிச் சிரிக்க வைப்பார். ஹார்ப்போ வாய் திறவாமலே சிரிக்க வைப்பார். குரூச்சோ மையால் மீசை தீட்டிக்கொண்டு சொல்லம்பு எய்வார். நான்காமவர் கம்மோ. 1901-ல் பிறந்த கடைக்குட்டியின் பெயர் ஜெப்போ. முதல் உலகப் போரின்போது, 1918-ல், கம்மோ படையில் சேர்ந்தார். காலியான இடத்துக்குத் தாயார் மின்னி இளைய மகனை அனுப்பினார். ஜெப்போ கேட்டுப் பெற்ற இடமன்று அது.

கோமாளி வேடங்கள் மூன்றும் அண்ணன்மாருக்கு உரியனவாகிவிட்டன. செயலாளர், காதல் வயப்பட்ட இளைஞன் முதலிய வேடங்களே தம்பிக்கு எஞ்சின. 1930-ல் வெளிவந்த ‘அனிமல் கிராக்கர்ஸ்’ படத்தில் ஒரு காட்சி. பொருளற்ற கடிதமொன்றைக் குரூச்சோ சொல்லச் சொல்ல, ஜெப்போ முகம் மாறாமல் எழுதுகிறார். படித்துக் காட்டும்போதோ, முக்கியமல்ல என்று தமக்குத் தோன்றியவற்றை விட்டுவிட்டதாக அமைதியாகக் கூறுகிறார்! அவர் அசையாமல் நிற்பதால்தான் அண்ணனின் கோமாளித்தனம் எடுபடுகிறது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்?

அவருக்குத் திறமை இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். சிகாகோவில் குரூச்சோ நோயுற்றபோது, ஜெப்போவே மீசை தீட்டிக்கொண்டு மேடையேறி மக்களைச் சிரிக்க வைத்தார். அண்ணன் நலம் பெற்றதும் தம்பிக்கு மீண்டும் பழைய இடந்தான். ஐந்து படங்களில் நடித்தபின், 1934-ல் அவர் குழுவிலிருந்து விலகினார்.

பின்பு அவர் நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித்தரும் முகவரானார். இயந்திரங்களில் அவருக்கு என்றுமே நாட்டம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருடைய தொழிற்சாலை ‘மார்மன்’ என்னும் உலோகப் பட்டைப் பிடிகளைச் செய்தது. செயற்கைக்கோளை ஏவூர்தியோடு இறுகப் பிணைத்து, உரிய நொடியில் விடுவிக்க அவ்வகைப் பிடிகள் பிற்காலத்தில் பயன்பட்டன. நாடித்துடிப்பைக் கண்காணிக்கும் கைக்கடிகாரம் ஒன்றுக்கு, மற்றொருவரோடு சேர்ந்து, 1969-ல் அவர் காப்புரிமை பெற்றார். சகோதரர் ஐவரில் கடைசியாக, 1979-ல் மறைந்தார்.

மாணவர்களே, பிறர் ஒளிரத் துணை நிற்பது சிறந்த தொண்டு. ஆயினும் ஒருவனை என்றென்றும் அவ்விடத்திலேயே நிறுத்தி வைப்பது நீதியாகாது. சிறியவன் என்று நாம் ஒதுக்கியவனிடம் என்ன ஆற்றல் உறங்குகிறதென்று யார் அறிவார்? உங்கள் வீட்டுக் கடைக்குட்டியும் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணன்மார் பேச்சில் அடங்கிப் போயிருக்கலாம். இன்றிரவு உணவின்போது, அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.