இறைத்தன்மையில் பங்கு: தலைமை உரை



திருப்பலியில் கிண்ணத்து இரசத்தில் ஒரு துளி நீர் சேர்க்கும்போது குருவானவர் ஒரு மன்றாட்டைச் சொல்கிறார். நம் மனிதத்தன்மையை ஏற்றவரின் இறைத்தன்மையில் நாமும் பங்குபெற வேண்டும் என்பது அதன் கருத்து. அதைத் தாழ்ந்த குரலில் சொல்வதே முறை; முன்பு அது இலத்தீனில் இருந்தது. நம் பினாங்கில் 1808 முதல் இயங்கும் காலேஜ் ஜெனரல் குருமடம், அதற்கு முன் 1770 முதல் 1782 வரை புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் இருந்தது. அங்கும் இங்கும் பயின்ற குருக்கள் இம்மன்றாட்டைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். கோயிலில் முழந்தாளிட்டிருந்த நம் தோட்டத்துப் பாட்டன் பாட்டிமார் காதில் அது விழவே இல்லை. தோட்டத்துப் பேரேடு அவர்களைக் கூலிகள் என்று எழுதி வைத்திருந்த காலம் அது. யாருக்கு மிகவும் தேவைப்பட்டதோ அவர்களுக்கே எட்டாமல் போனது என்பது என் நெஞ்சை இன்றும் வருத்துகிறது.

இறைத்தன்மையில் பங்குபெறுதல் என்னும் இக்கருத்தைப் பேதுருவின் இரண்டாம் திருமுகம் முதல் அதிகாரத்திலேயே சொல்கிறது. நான்காம் நூற்றாண்டில் அத்தனாசியார் இதை விரித்துரைத்தார். கீழைத் திருச்சபை இதை மீட்பின் இலக்காகவே கொண்டது.

துளி நீர் இரசத்தில் காணாமல் போகிறதே, மனிதனும் அப்படிக் கரைந்துவிடுவானா? தமிழர் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. சங்கரரும் இராமானுசரும் மெய்கண்டாரும் வாதிட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோவைப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, மோட்சம் பற்றி 1931இல் எழுதிய ஆங்கில நூலில், யோவான் நற்செய்தியைப் பக்தி நெறியின் வெளிச்சத்தில் வாசித்தார். கரைவதில்லை, அன்பிலும் சித்தத்திலும் ஒன்றாகிறோம் என்றார். இராமானுசர் பக்கம் நின்ற விடை அது. ஆயினும் பேதுருவின் திருமுகம் இறை இயல்பில் பங்குபெறுவதையே பேசுகிறது. சித்தம் இணைவதோடு நின்றால் அது குறைவுதான் என்பது என் துணிபு.

சென்னை வழக்கறிஞர் பி. செஞ்சையா இன்னும் தூரம் போனார். 1938இல், தாம்பரம் உலக மிஷனரி மாநாட்டை ஒட்டி வெளிவந்த தொகுப்பில் அவரும் எழுதினார். மன்னிப்புப் பெற்ற பழைய மனிதனோடு அவர் நிறைவடையவில்லை. இயேசுவைப் புதிய படைப்பின் தொடக்கமாகவும் தூய ஆவியை அப்படைப்பின் ஆற்றலாகவும் கண்டார். அந்த வீச்சு எனக்குப் பிடிக்கும். ஆனால் திருச்சபைக்கும் அருளடையாளங்களுக்கும் அவர் கொடுத்த இடம் மிகச் சிறிது. திருமுழுக்குத் தொட்டியும் நற்கருணை மேசையும் இல்லாமல் அந்த மாற்றம் நம் உடலில் எங்கே தொடங்கும்?

கரையாமல் பங்குபெறுவது எப்படி என்பதற்குப் பதினான்காம் நூற்றாண்டில் கீழைத் திருச்சபையின் கிரிகோரி பலமாஸ் ஒரு வழி காட்டினார்: இறைவனின் சாரம் எவருக்கும் எட்டாது, அவருடைய ஆற்றல்களில் நாம் மெய்யாகவே பங்குபெறுகிறோம். முத்தியிலும் உயிர் உயிராகவே இருக்கிறது என்னும் சைவ சித்தாந்தத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒற்றுமையைக் காட்டும் ஆர்வத்தில் வேறுபாட்டை மழுப்பிவிட வேண்டாம் என்று இக்கருத்தரங்கின் கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு விளங்கும் தமிழில், உரத்த குரலில் படியுங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.