கல்லும் காய்ப்பும்



ஆங்கிலத்தில் 'கலஸ்' என்றொரு பெயரடை உண்டு. பிறர் துன்பம் கண்டும் நெஞ்சு அசையாதவரைக் குறிப்பது. 'கல்நெஞ்சம் கொண்ட' என்றே பெரும்பாலும் அதைத் தமிழாக்குகிறார்கள். ஓசையிலும் 'கல்' இருப்பதால் அது மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது. ஆனால் அச்சொல்லுக்கும் நம் கல்லுக்கும் உறவேதுமில்லை. தடித்து இறுகிய தோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. உள்ளங்கையிலே ஏறும் காய்ப்பையும் ஆங்கிலத்தில் அதே ஒலியால்தான் அழைக்கிறார்கள். எழுத்திலே மட்டும் சிறு வேறுபாடு.

கல் ஒருநாளும் மென்மையாக இருந்ததில்லை. காய்ப்போ ஒரு காலத்தில் மென்தோலாக இருந்தது. உராய்ந்து உராய்ந்து உணர்ச்சி குன்றியது. குரூரமானவன் பிறர் நோவை அறிந்தே செய்கிறான். 'கலஸ்' ஆனவனுக்கு அந்த நோவு உறைப்பதே இல்லை. பழகிவிட்டது.

மாத்தளைத் தோட்டமொன்றிலே பிறந்த எனக்கு, இச்சொல்லைக் காணும்போதெல்லாம் ஒரு பாதை நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலேயே பலரை மாய்த்தன. மாண்டோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. அக்கோப்பித் தொழிலாளரின் வரலாற்றை டொனவன் மோல்ட்ரிச் 1989இல் ஒரு நூலாகவே எழுதினார்.

ஆட்கள் மடிவதைக் கண்ட கங்காணிமாரும், வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணிய துரைமாரும் கல்லாகவா பிறந்தார்கள்? நான் அப்படி எண்ணவில்லை. முதல் மரணம் அவர்களையும் உலுக்கியிருக்கும். பத்தாவது மரணத்தின்போது, ஆள் குறைந்த கணக்கே பெரிதாகியிருக்கும். அதுதான் 'கலஸ்'. பிழைத்து வந்தவர்களுக்கும் காய்ப்பு ஏறியது. மண்வெட்டி பிடித்த உள்ளங்கையிலே.

ஆகவே 'காய்த்துப்போன மனம்' என்பதே இச்சொல்லுக்குப் பொருந்தும் என்பேன். 'மரத்துப்போன' என்றால் ஆகாதா எனக் கேட்பீர்கள். மரத்த கால் சற்று நேரத்தில் தானாகத் தெளிந்துவிடும். காய்ப்பு அவ்வளவு இலேசில் கரையாது.

கல்நெஞ்சன் என்று ஒருவனை ஒதுக்கிவிட்டு நாம் நிம்மதியாக இருக்கலாம். காய்ப்பு என்றாலோ, அது நம் மனத்திலும் ஏறக்கூடியது. இறந்தோர் தொகையை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோமே, அந்த வேளையில் இச்சொல்லை நினைத்துக்கொள்வது நல்லது.