சமையல் நூல் தந்த கவிஞர்



பத்தாண்டு நிறைவு விழாவில் சமையல் நூலாசிரியர் ஒருவரைப் பற்றிய உரையா எனச் சிலர் வியக்கக்கூடும். எலிசா ஆக்டன் (1799–1859) நம் கூட்டத்தைச் சேர்ந்தவர்தாம், கவிஞர். 1826இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில், முன்பணம் தந்த அன்பர்களின் துணையோடு தம் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். நம்மில் பலர் நூல் கண்ட வழியும் அதுதானே! பின்னர் லாங்மன் பதிப்பகத்தாரை அவர் அணுகியபோது, கவிதை வேண்டாம், சமையல் நூல் தாருங்கள் என்றனராம். இது செவிவழிக் கதை. ஆனால் 1845இல் அப்பதிப்பகம் வெளியிட்ட அவரது நூல் குடும்பங்களுக்கான சமையல் நூலே.

அதுவரை வந்த சமையல் நூல்களில் அளவுகள் பெரும்பாலும் உரைநடைக்குள் சிதறிக் கிடந்தன. சில இடங்களில் அளவே இராது. ஆக்டனோ ஒவ்வொரு செய்முறையின் முடிவிலும் பொருள்களையும் எடையையும் அடுப்பில் இருக்கவேண்டிய நேரத்தையும் தனியே தொகுத்துத் தந்தார். அனைத்தும் செய்து பார்த்துத் தேர்ந்தவை என முகப்பிலேயே அறிவித்தார். மிகையும் குறையுமற்ற அந்தச் சொற்செட்டு கவிதைப் பயிற்சியால் வாய்த்தது என்பதே என் கருத்து. அவருடைய கவிதைகளில் அத்துணைச் செறிவு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. 'பதிப்பாளர் புட்டிங்' என்றொரு பண்டம்: பாதாம், பாலேடு, பிராந்தி எனச் செல்வச் செழிப்பு. 'ஏழை எழுத்தாளர் புட்டிங்' பாலும் முட்டையும் வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளுமாக முடிந்துவிடுகிறது. இதற்கு விளக்கவுரை இந்த அவைக்குத் தேவையில்லை.

ஆயினும் 1855ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அந்தச் சிரிப்பு இல்லை. தம் நூலின் பெரும்பகுதிகளைப் பிறர் பெயர் சுட்டாமல் எடுத்தாண்டு, புகழையும் ஊதியத்தையும் கொண்டு செல்வதை மனம் நொந்து எழுதுகிறார். மிகையான உழைப்பால் உடல் நலிந்திருந்த காலம் அது. தற்பெருமை என்று தோன்றினும் தற்காப்புக்காகவே, தாமே கண்ட செய்முறைகளின் தலைப்பில் 'ஆசிரியர் செய்முறை' எனப் பொறித்தார். கவிஞர் பாடலில் வைக்கும் முத்திரை போன்றது அது.

1859இல் அவர் மறைந்தார். 1861இல் வெளிவந்து வீடுதோறும் புகுந்த இசபெல்லா பீட்டனின் இல்லற நூலில் ஆக்டனின் செய்முறைகள் பல இடம்பெற்றன. அந்த முத்திரை இடம்பெறவில்லை. பீட்டன் செய்த மாற்றம், இறுதியில் இருந்த பொருள் பட்டியலைத் தொடக்கத்திற்குக் கொண்டுவந்தது. அது பயனுள்ள மாற்றமே; மறுப்பதற்கில்லை. ஆனால் நெடுங்காலம் அப்பட்டியல் முறைக்கே பீட்டனை முதல்வராகக் கொண்டாடினர். 1968இல் ஆக்டனின் தேர்ந்தெடுத்த செய்முறைகள், எலிசபெத் டேவிட்டின் அறிமுகவுரையோடு அவர் பெயரிலேயே மீண்டும் அச்சேறின.