டிராயிங் மாஸ்டர் எங்கே?

(நமது சங்கத்தின் ஈஜிபுரா கிளை நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை மாலைப்பொழுது. தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் நமக்கிருக்கிற ஒரே பொழுது. அதை விட்டுவிட்டு இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் நீட்டி முழக்கப் போவதில்லை. நோட்டீசில் “கல்வியும் கலையும்” என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பார்சல் ஆபீசில் என்னோடு வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் கேட்டார்: “என்னப்பா, பட்டா கேட்ட சங்கம் இப்போ பாட்டுக்கு வந்துடுச்சா?”

கேலிதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லாமல் மேலே போக முடியாது. உங்களில் பல பேர் மனத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது. “படம் வரைந்தால் சோறு போடுமா? கணக்கில் பாஸ் பண்ணட்டும், இங்கிலீஷ் பேசட்டும்” என்கிறீர்கள். நியாயமான பேச்சு. நானே என் மகனிடம் அப்படிப் பேசியவன்தான். அவன் கலர் பென்சில் கேட்டபோது, “முதலில் வாய்ப்பாட்டை ஒப்பி” என்றேன்.

என் எண்ணத்தை மாற்றியது புத்தகம் அல்ல. நம் சங்கத்தின் மாலை வகுப்புக்கு வந்த ஒரு சிறுமி. பெயர் வேண்டாம், அம்மா கோரமங்களாவில் வீட்டுவேலை செய்கிறவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். வகுப்பில் அந்தப் பெண் வாயே திறப்பதில்லை. “மந்தம்” என்று பள்ளிக்கூடத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு நாள் மாலை, பாடம் நடத்தி அலுத்துப்போன நம் தோழர் ஒருவர், “ரேஷன் கடை நாடகம் போடலாம், யார் கடைக்காரர்?” என்று கேட்டார். அந்தச் சிறுமி எழுந்து வந்தாள். பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். “சர்வர் இல்லா, நாளெ பா!” என்று ஒரு அதட்டல் போட்டாள் பாருங்கள்! அதற்குப் பிறகு கால் மணி நேரம் கன்னடம் கொட்டுகிறது. எடைக்கல்லில் விரலை வைத்து ஏமாற்றுவது, கிழவியை விரட்டுவது, தெரிந்தவர் வந்தால் குரல் குழைவது, எல்லாம் வந்தது. கன்னடம் அவளுக்குத் தெரியும். பேசுவதற்கு ஒரு இடம்தான் கிடைக்காமல் இருந்தது.

மந்தம் யார், தோழர்களே? பிள்ளையா, பள்ளிக்கூடமா?

என் தகப்பனார் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேனாகச் சேர்ந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். ஆனால் ஊரில் மாசி, பங்குனியில் பாரதக் கூத்து கட்டினால் லீவு போட்டுவிட்டுப் போய் துரியோதனன் வேஷம் கட்டுவார். விடிய விடியப் பாட்டும் வசனமும் அவர் நெஞ்சிலிருந்து வரும். எழுத்தறியாத மனிதர், பதினெட்டாம் போரை ஒரு சொல் தப்பாமல் சொல்லுவார். அவருக்கு வாத்தியார் கூத்து. அவர் வேலையில் இருக்கும்போதே இறந்து, கருணை அடிப்படையில் எனக்கு இந்தக் குமாஸ்தா வேலை கிடைத்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். என்னால் ஒரு பாட்டு முழுசாகச் சொல்ல முடியாது. எங்கள் இரண்டு பேரில் யார் படித்தவர் என்று சில சமயம் எனக்கே சந்தேகம் வருவதுண்டு.

கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் வருவான் அல்லவா? ராஜா கொலுவிருக்கும்போது ராஜாவையே கேள்வி கேட்கிறவன். கிழிந்த சட்டைக்காரன், ஆனால் அவன் பேசினால் சபை கேட்கும். ஏழைப் பிள்ளைக்குக் கலை எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்தக் கட்டியக்காரனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கலையே பள்ளிக்கூடமாக இருந்த காலம் ஒன்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கினார். நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். ஆறு வயதுப் பிள்ளையாக அங்கே போய்ச் சேர்ந்தவர்தான் பின்னாளில் அவ்வை சண்முகம் என்று நாடு போற்றிய டி.கே. சண்முகம். 1972-இல் வெளிவந்த ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற அவருடைய நூலைப் படியுங்கள். அவர் படித்தது நாடகக் கம்பெனியில். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், இவர்களும் வறுமையால் பள்ளிக்கூடத்தை விட்டு பாய்ஸ் கம்பெனிக்குப் போனவர்கள். தமிழைத் திருத்தமாக உச்சரிக்க அங்கேதான் கற்றார்கள்.

நம் கன்னடத்துச் சகோதரர்கள் கதையும் இதேதான். டாக்டர் ராஜ்குமார் 1929-இல் பிறந்த காஜனூர், இன்றைக்கு ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பக்கம் இருக்கிறது. சின்ன வயதிலேயே பள்ளிப்படிப்பு நின்று, குப்பி வீரண்ணா கம்பெனியில் வளர்ந்தார். அதே கம்பெனிக்கு வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவன் பி.வி. காரந்த். அந்தப் பையனைக் காசிக்கு அனுப்பி எம்.ஏ. படிக்க வைத்தவர் வீரண்ணா. காரந்த் பின்னால் டில்லி தேசிய நாடகப் பள்ளிக்கே இயக்குநரானார். 1989-இல் மைசூரில் ரங்காயணத்தை உருவாக்கினார். மொழிச் சண்டை மூட்டுகிறவர்கள் இதையெல்லாம் பேசமாட்டார்கள்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பாய்ஸ் கம்பெனிகளில் அடி உண்டு, பட்டினி உண்டு, ஒப்பந்தம் போட்டுப் பிள்ளைகளைப் பிடித்துவைத்ததும் உண்டு. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்று வரை ராஜபார்ட் கட்டிய பையன் இன்றைக்கு வேண்டாதவன். ஒரு சிவாஜிக்குப் பின்னால் பெயர் தெரியாமல் போன பிள்ளைகள் எத்தனையோ. தொழிற்சங்கத்துக்காரன் அதை மறக்கக் கூடாது. பிள்ளையைக் கம்பெனிக்கு அனுப்புங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே இருந்த வித்தையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவா என்றுதான் கேட்கிறோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நான் குமாஸ்தா. தாளில் இருப்பதைக் காட்டினால்தான் எனக்குத் தெம்பு வரும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்திருந்தால், கலைக்கல்விக்கு ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும். உடற்கல்விக்கும் கைத்தொழில் கல்விக்கும் அதே மாதிரி. 29-ஆம் பிரிவு, கூடுமான வரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும், செய்து பார்த்தும் தேடிக் கண்டுபிடித்தும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறது. 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்றே சொல்லியிருந்தது. (நூறுக்குக் கீழே இருந்தால் மட்டும் பிள்ளைகளுக்குக் கை இல்லையா, கண் இல்லையா என்று கேட்காதீர்கள். அது டில்லிக்குத்தான் வெளிச்சம்.)

“பகுதிநேரம்” என்ற அந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது 10,000 ஆக ஒன்பது வருஷம் பிடித்தது. நிரந்தரம் செய் என்று சென்னைத் தெருவில் அவர்கள் உட்கார்ந்தது எத்தனை தடவை! கணக்கு வாத்தியாருக்கு முழுச் சம்பளம், பாட்டு வாத்தியாருக்கு அரை நாள் கூலி. அந்தப் பாடத்தைச் சர்க்கார் எப்படி மதிக்கிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஆனாலும் அங்கே ஆள் இருக்கிறார். 2022 முதல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழாவும் நடத்துகிறார்கள். இங்கே பிரதிபா காரஞ்சி என்று போட்டி நடக்கிறது. நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்டிக்குப் போகிறவர்கள் நன்றாகப் பாடத் தெரிந்த நான்கு பேர். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் மேடை வேறு, வாரத்துக்கு இரண்டு பீரியட் வேறு.

தாய்மார்களே, கோரமங்களாவில் நீங்கள் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் எங்கே போகிறார்கள்? கீபோர்டு கிளாஸ், டிராயிங் கிளாஸ், பரதநாட்டியம். காசு கட்டி அனுப்புகிறார்கள். அவர்கள் விவரமில்லாதவர்களா? டாக்டருக்குப் படிக்கப்போகிற பிள்ளைக்கு ஓவியம் தேவை, நம் பிள்ளைக்கு மட்டும் தேவையில்லை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2013 ஜனவரியில் இங்கே ஏழைகள் குடியிருப்பை இடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள். பிள்ளைகள் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடைபாதைக்கு வந்தார்கள். பாடப்புத்தகம் கற்குவியலுக்கு அடியில் போயிற்று. அன்றைக்கு நாங்கள் சிலர் பழைய ரயில்வே பாரங்களின் பின்பக்கத்தையும் கொஞ்சம் கிரேயானையும் பிள்ளைகளிடம் கொடுத்தோம். அழுகையை நிறுத்தத்தான் கொடுத்தோம், வேறு திட்டம் கிடையாது. பெரும்பாலான பிள்ளைகள் புல்டோசர் வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும் இடிந்துபோன தன் பிளாக்கை வரைந்தான். மாடிப்படி, தண்ணீர்க் குடங்கள், கதவு. கதவில் வீட்டு எண்ணைப் பெரிதாக எழுதினான். “எண் எதுக்குடா?” என்று கேட்டேன். “அட்ரஸ் கேட்டா காட்டணும்ல அண்ணா” என்றான். அந்தத் தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. மனு எத்தனையோ எழுதியிருக்கிறேன், தோழர்களே. அப்படி ஒரு மனு நான் எழுதியதில்லை.

இனி செய்ய வேண்டிய வேலை. பள்ளிக்கூடத்து எஸ்.டி.எம்.சி. கூட்டம் வருகிற சனிக்கிழமை. அந்தக் கமிட்டியில் பெற்றோருக்கு இடம் உண்டு. நம் ஆட்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வரை எத்தனை பிள்ளைகள், கலைப் பயிற்றுநர் பணியிடம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, இருந்தால் எங்கே, டைம்டேபிளில் டிராயிங் என்று போட்டிருக்கிற பீரியடில் என்ன நடக்கிறது என்று எழுத்தில் கேட்போம். தலைமை ஆசிரியரிடம் சண்டை வேண்டாம்; அவருக்கே ஆள் பற்றாக்குறை. அவர் மேலே எழுதிப்போட நாம் பின்னால் நிற்பதாகச் சொல்லுவோம். கன்னடத்துப் பெற்றோர், உருதுக்காரப் பெற்றோர், தெலுங்குப் பெற்றோர் வீட்டுக்கும் போகவேண்டும். இது தமிழன் கோரிக்கை மட்டுமல்ல.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கன்னடத்தில் எழுதியிருக்கிறோம். தமிழில் படித்துக்காட்ட அந்த ரேஷன் கடைக்காரம்மாவே அங்கே உட்கார்ந்திருக்கிறாள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுங்கள், மற்றவர்களுக்கு மைப்பெட்டி இருக்கிறது.