குருதியோட்டத்தைக் கேட்கும் கருவி

(உதகை, பெர்ன்கில்லில் ஆற்றிய உரை)



நம் பெர்ன்கில் ஏற்றமும் இறக்கமுமான ஊர். மேடேறும்பொழுது சிலர்க்குக் கெண்டைக்கால் கடுத்து இழுக்கும். சற்றே நின்றால் வலி தணியும். நடந்தால் மீண்டும் வரும். இதனை, 'அகவை ஏறிவிட்டது. குளிர் வேறு' என்று தள்ளிவிடுவோர் பலர். கால்வலி எல்லாம் ஒன்றல்ல. நடக்க வந்து நிற்க நீங்கும் இவ்வலி, குருதிக்குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகியமைக்கு அடையாளமாகலாம். புகையிலையும் நீரிழிவும் சேரின் கேடு விரையும். முற்றினால் ஆறாப் புண்ணாகும். காலையே இழக்கவும் நேரும்.

இக்குறுக்கத்தை உடலைக் கீறாமல், ஊசி குத்தாமல் அறிய வழியுண்டு. அதுவே கேளாவொலி ஆய்வு. நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மாந்தர் செவிக்கு எட்டாது. இவ்வாய்விலோ, நொடிக்குப் பல இலக்கம் அதிர்வுகள் கொண்ட ஒலியை, தோலின்மேல் பசை தடவி உட்செலுத்துகின்றனர். ஓடும் குருதியிற் பட்டு மீளுங்கால் அதன் அதிர்வெண் மாறும். அம்மாற்றத்தைக் கருவி நம் செவிக்குக் கேட்கும் ஒலியாக்கித் தரும்; குருதியின் விரைவும் அதனாற் புலனாகும்.

விரைந்து வரும் வண்டியின் ஊதொலி நெருங்குகையில் கூர்ந்தும், விலகுகையில் தணிந்தும் கேட்கும். நம் மலைத்தொடர்வண்டி மெல்ல ஊர்வதால் இவ்வேறுபாடு எளிதிற் புலப்படாது. மேட்டுப்பாளையத்திற்குக் கீழே விரைவு வண்டியருகில் நிற்பார்க்கு நன்கு புலப்படும். இவ்வுண்மையை 1842இல் எடுத்துரைத்தவர் ஆத்திரிய அறிஞர் தாப்ளர். 1845இல் ஆலந்து நாட்டில், ஊதுகொம்பு இசைப்போரைத் தொடர்வண்டியில் ஏற்றி இதனை மெய்ப்பித்தனர். ஆறு ஒடுங்குமிடத்தில் நீர் விரைவதுபோல், குழாய் குறுகுமிடத்தில் குருதி விரையும். அவ்விரைவே குறுக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எளியதோர் அளவையும் உண்டு. இக்கருவியின் துணையால் கணுக்காலின் குருதியழுத்தத்தை அளந்து, கையின் அழுத்தத்தால் வகுப்பர். கையில் 140, கணுக்காலில் 98 எனின் விடை 0.7. 0.9க்குக் கீழ் வரின் குறுக்கம் உண்டென்பர். நீரிழிவால் குழாய்ச்சுவர் இறுகியவர்க்கு இவ்வெண் பொய்யாக மிகுதலும் உண்டு; அவர்க்கு வேறு ஆய்வும் வேண்டும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வில், இக்கோளாறு நூற்றுக்கு 3.2 பேரிடமும், நீரிழிவுற்றோரை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 6.3 பேரிடமும் காணப்பட்டது.

இத்துணை எளிய ஆய்வுக்குச் சிலர் அஞ்சுவது ஏன்? கதிர்ப்படத்தையும் கேளாவொலிப்படத்தையும் 'இசுக்கேன்' என்னும் ஒரே அயற்சொல்லுக்குள் அடைத்தமை ஒரு கரணியம். கதிர் உடலைக் கெடுக்குமே என்று பின்வாங்குகின்றனர். 'கேளாவொலி' என்று சொல்லுங்கள். இஃது ஒலிதான், கதிரன்று என்பது எழுத்தறியாத் தாய்க்கும் விளங்கும். சொல் விளங்கின் அச்சம் விலகும்.

ஆகவே, மேடேறக் கால் கடுப்போரும், நீரிழிவுடையோரும், புகைப்போரும் மருத்துவரிடம் சென்று, "என் கால் குருதியோட்டம் எப்படி?" என்று கேளுங்கள். முடிவைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். புகையிலையை இன்றே விடுங்கள். புண் வந்தபின் வருந்துவதினும், வலி வந்தவுடன் வினவுவது நன்று.