சொந்தக் கட்சியும் சொரணையும்

(சங்கரன்கோவில் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சற்றுக் கூச்சத்துக்குரியது. ஓட்டு வாங்கிப் பதவிக்குப் போன ஒருவர், அந்தப் பதவியின் பலத்தைக் கொண்டு பெண்களை நாசப்படுத்தினார் என்று தெரியவந்தால், அவருக்கு ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சிக்காரர்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்யவேண்டும் என்பதே அது. தாய்மார்கள் இருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று சிலர் யோசிக்கலாம். பெண்களுக்கு நேர்ந்ததைப் பெண்கள் இல்லாத இடத்தில் பேசி யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறோம்.

தோழர்களே! உங்கள் ஊர்த் தலபுராணம் உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள், சிவன் பெரியவனா விஷ்ணு பெரியவனா என்று சண்டை போட்டார்களாம். அதைத் தீர்க்கக் கோமதியம்மன் ஊசிமுனையில் நின்று தவம் செய்தாளாம். அதற்குத்தான் வருஷந்தோறும் ஆடித்தபசு. கதை கிடக்கட்டும். அந்த இரண்டு பாம்புகளில் ஒன்றாவது "என் சாமி செய்த காரியம் சரியா?" என்று கேட்டதா? "என் சாமிதான் பெரிது" என்பதைத் தவிர இரண்டுக்கும் வேறு வாதமே இல்லை. இன்றைய கட்சிக்காரர்கள் பலருக்கும் இல்லை.

கன்னட நாட்டில் ஹாசன் என்று ஒரு பார்லிமெண்டுத் தொகுதி. முன்னாள் பிரதம மந்திரி தேவகவுடா அவர்களின் குடும்பத்துக்குப் பாத்தியப்பட்ட நிலம் போல் இருந்துவந்தது. 2019ல் அவரது பேரர் பிரஜ்வல் ரேவண்ணா அங்கே மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சார்பில் ஜெயித்தார். 2024லும், இம்முறை பாரதிய ஜனதாவின் கூட்டோடு, அவரே அபேட்சகர். ஏப்ரல் 26ந் தேதி ஓட்டுப் பதிவு. அதற்குச் சில நாள் முன்பு, பல பெண்களின் மானக்கேடான படங்கள் அடங்கிய பென் டிரைவுகள் ஊரெல்லாம் பரவின. ஓட்டுப் பதிவு முடிந்ததும் அபேட்சகர் ஜெர்மனிக்குப் போய்விட்டார். ஏப்ரல் 30ல் கட்சி அவரை சஸ்பெண்டு செய்தது. மே 31ல் திரும்பி வந்தபோது பெங்களூரில் கைதானார். ஜூன் 4ல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 42,000 ஓட்டில் தோற்றிருந்தார். 2025 ஆகஸ்டு 2ந் தேதி, தம் குடும்பத்தாரிடம் வேலை செய்த ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்த குற்றத்திற்காக ஆயுட்காலம் முழுவதும் சிறை என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று.

தோற்கடித்துவிட்டார்களே, ஓட்டர்கள் விழித்துக்கொண்டார்கள் என்று அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். தோற்றவருக்கும் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டுகள் விழுந்திருக்கின்றன. அவர்களில் விஷயம் எட்டாதவர்கள் பலர் இருக்கலாம். எட்டியும் போட்டவர்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

இப்படிப்பட்டவர்கள் எந்த ஊரிலும், எந்தக் கட்சியிலும் சொல்லும் சமாதானங்கள் மூன்றுதான். உங்கள் கோயிலில் எல்லா வியாதிக்கும் புற்றுமண் ஒன்றையே கொடுப்பதுபோல, எல்லாக் குற்றத்துக்கும் இவற்றையே கரைத்துக் கொடுக்கிறார்கள்.

முதலாவது, "இது எதிரியின் சூழ்ச்சி" என்பது. எதிரி சூழ்ச்சி செய்து படத்தைப் பரப்பலாம். நடக்காத குற்றத்தை நடந்ததாக்கிவிட முடியுமா? அந்த வேலைக்காரப் பெண்ணின் புடவையல்லவா கோர்ட்டில் முக்கிய சாட்சியமாயிற்று!

இரண்டாவது, "அவர்கள் கட்சியில் மாத்திரம் இல்லையா?" என்பது. பக்கத்து வீட்டில் காலரா இருக்கிறது என்பதற்காக நம் வீட்டுக் காலராவை ஆரோக்கியம் என்று யாராவது சொல்லுவார்களா?

மூன்றாவது, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்பது. யாரிடம் சொல்லுவாள்? செய்தவர் பார்லிமெண்டு மெம்பர். தகப்பனார் சட்டசபை மெம்பர், மந்திரியாக இருந்தவர். பாட்டனார் நாட்டின் பிரதமராக இருந்தவர். அவளோ கூலிக்கு வேலை செய்கிறவள். போலீசு ஸ்டேஷன் வாசலில் இவர்களில் யாருக்கு நாற்காலி போடுவார்கள்?

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? புராணத்திலிருந்து வந்தது. அகலிகையை வஞ்சித்தவன் இந்திரன். கல்லாகக் கிடந்தவள் அகலிகை. அவனுக்கும் சாபம் உண்டு என்பார்கள். ஆனால் அவன் உடம்பில் வந்த ஆயிரம் குறியும் ஆயிரம் கண்ணாகி அலங்காரமாகிவிட்டன. தேவேந்திரப் பட்டமும் போகவில்லை. இதைப் பக்தியோடு கேட்டு வளர்ந்தவன், தன் தலைவனுக்கு மாத்திரம் வேறு நியாயம் எப்படிச் சொல்லுவான்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். நாம் கற்புப் பிரசங்கம் செய்ய வரவில்லை. வயது வந்த இருவர் மனமொப்பி எப்படி வாழ்ந்தாலும் அதில் ஊராருக்கு வேலையில்லை. பார்க்கவேண்டியது இரண்டே: அவளுக்குச் சம்மதம் இருந்ததா? மாட்டேன் என்று சொல்ல அவளுக்குச் சக்தி இருந்ததா?

ஹாசனில் இன்னொரு கொடுமையும் நடந்தது. பரவிய படங்களில் பெண்களின் முகத்தை மறைக்கக்கூட இல்லை. சொந்தக் கட்சிக்காரன் குற்றவாளியை மறைக்கப் பார்த்தான். மற்றவர்களோ, குற்றத்துக்கு ஆளானவளைக் கடைத்தெருவில் நிறுத்தினார்கள்.

கன்னட நாட்டைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? 2019ல் பொள்ளாச்சி விஷயம் வெளிவந்தபோது புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீசாரே வெளியிட்டார்கள். ஐகோர்ட்டு 25 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. அப்போது ஆண்டது அ.தி.மு.க. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் விஷயத்தில் முதல் தகவல் அறிக்கையே வெளியாயிற்று. ஐகோர்ட்டு மறுபடியும் 25 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. அப்போது ஆண்டது தி.மு.க. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13ல் சாகும்வரை சிறைத்தண்டனை பெற்ற ஒன்பது பேரில் ஒருவர் அ.தி.மு.க. மாணவர் அணியில் இருந்து, கைதான பின்பு நீக்கப்பட்டவர். பல்கலைக்கழக வழக்கின் குற்றவாளியோ தி.மு.க. உறுப்பினர் அல்ல, அனுதாபிதான் என்று சட்டசபையிலேயே விளக்கம் சொல்லப்பட்டது. 2019ல் கூச்சல் போட்டவர்கள் 2024ல் விளக்கம் சொன்னார்கள். 2019ல் விளக்கம் சொன்னவர்கள் 2024ல் கூச்சல் போட்டார்கள். நாற்காலி மாறிற்றே ஒழிய நாக்கு மாறவில்லை. பெண்ணின் கதியும் மாறவில்லை.

அப்படியானால் கட்சிக்காரன் என்ன செய்வது? கட்சியை விட்டுவிட்டு எதிரிக்குப் போடுவதா? அமெரிக்காவில் அலபாமா என்ற ராஜ்யம் ரிபப்ளிக்கன் கட்சியின் கோட்டை. 2017 டிசம்பர் தேர்தலில் அக்கட்சியின் செனட் அபேட்சகராக நின்ற ராய் மூர், இளம்பெண்களிடம் தகாதபடி நடந்தார் என்று பல பெண்கள் குற்றஞ்சாட்டினார்கள். அவர் மறுத்தார். அங்கே ஓட்டுச்சீட்டில் வேறு பெயரை எழுதிப் போட இடமுண்டு. 22,000 பேருக்கு மேல் அப்படி எழுதினார்கள். அவர்களில் பலர் அவருடைய சொந்தக் கட்சியார். அவர் தோற்றதோ சுமார் 21,900 ஓட்டில்! எதிரிக்குப் போட மனமில்லாதவனும், "இந்த ஆளுக்கு என் கை வராது" என்று சொல்ல முடிந்தது.

நமக்கும் 2013 சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பிறகு நோட்டா இருக்கிறது. அது எத்தனை விழுந்தாலும் அபேட்சகரின் வெற்றியைத் தடுக்காது என்பது வாஸ்தவம். ஆனால் எத்தனை பேர் தன்னை வெறுத்தார்கள் என்ற கணக்கு தலைவனுக்குப் போய்ச் சேரும். அதற்கும் முன்னால், அபேட்சகரைத் தேடும்போதே கிளைக் கமிட்டியில் எழுந்து "இவர் வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு வாய் இருக்கிறது.

எதிர்க்கட்சிக்காரன் ஆயிரம் கத்தினாலும் தலைவன் பயப்படமாட்டான். அது அவன் எதிர்பார்த்த கூச்சல். சொந்தக் கட்சிக்காரன் ஒருவன் கையை மடக்கிக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் போகும். ஆகவே, தண்டிக்கும் அதிகாரம் எதிரியிடம் இல்லை, உங்களிடமே இருக்கிறது.

இந்த ஊரில் தறியடிக்கும் தோழர்கள் நிறைய இருக்கிறீர்கள். இழை அறுந்தால் என்ன செய்கிறீர்கள்? பக்கத்துத் தறியிலும் அறுந்திருக்கிறது என்று சொல்லி நெய்துகொண்டே போகிறீர்களா? உங்கள் தறியை நீங்களே நிறுத்தி, முடிந்துவிட்டு, பிறகுதான் ஓட்டுகிறீர்கள். ஒரு துணிக்கு இருக்கிற அந்தக் கவலை, ஒரு பெண்ணின் வாழ்வு கெட்ட விஷயத்தில் உங்கள் கட்சியின்மேல் இருக்க வேண்டாமா? யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டு நம் பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.