பெர்ட்ல்மன்னின் காலுறைகள்



இயற்பியலில் பேர் வாங்க இரண்டு வழி உண்டு. எதையாவது கண்டுபிடிக்கலாம், அல்லது இரண்டு காலிலும் வெவ்வேறு நிறத்தில் காலுறை போட்டுக்கொண்டு திரியலாம். ஆஸ்திரியாக்காரரான ரைன்ஹோல்ட் பெர்ட்ல்மன் நல்ல ஆராய்ச்சியாளர்தான். ஆனாலும் உலகம் முழுக்க அவரைத் தெரியவைத்தது காலுறை.

மாணவப் பருவத்திலிருந்தே அவருக்கு இந்தப் பழக்கம். ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த ஜான் பெல் இதைச் சத்தமில்லாமல் கவனித்துவந்தார். கடைசியில், 'பெர்ட்ல்மன்னின் காலுறைகளும் யதார்த்தத்தின் இயல்பும்' என்று ஆய்வுக்கட்டுரையே எழுதிவிட்டார். 1981ல் அச்சான அந்தக் கட்டுரையில் ஒரு கேலிச்சித்திரமும் உண்டு: ஒரு கால் இளஞ்சிவப்பு, மறு கால் இளஞ்சிவப்பு அல்ல. சம்பந்தப்பட்டவருக்கோ விஷயமே தெரியாது. வியன்னாவில் கூட வேலை பார்ப்பவர் சொல்லித்தான் தெரிந்தது, மனிதர் திகைத்துப்போனார்.

கட்டுரையின் உண்மையான விஷயம் குவாண்டம் பின்னல்: பிரிந்துபோன பிறகும் இரண்டு துகள்களின் பதில்கள் பொருந்திவருவது. சரி, காலுறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பெர்ட்ல்மன் அறைக்குள் நுழைகிறார். முதல் கால் இளஞ்சிவப்பு. அடுத்த கால் அந்த நிறமில்லை என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. காலையில் மாட்டிக்கொண்டு வந்தது. ஒன்றாகப் பிறந்து திசைக்கொன்றாகப் பறக்கும் இரண்டு ஒளித்துகள்களும் இப்படித்தான் என்பது ஐன்ஸ்டைன் கட்சி. அளக்கும்வரை எந்தப் பதிலும் முடிவாகவில்லை, ஒன்றை அளந்ததும் தொலைவில் இருக்கும் மற்றதன் பதிலும் பொருந்திவிடும் என்றது குவாண்டம் கட்சி. இதென்ன பேய் வேலை என்கிற தோரணையில் ஐன்ஸ்டைன் 1947ல் இயற்பியலாளர் மாக்ஸ் போர்னுக்குக் கடிதமே எழுதினார்.

எந்தக் கட்சி சரி என்று சோதித்துப் பார்க்க வழிவிடும் ஒரு கணக்கை 1964ல் பெல் போட்டார். அதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒவ்வொரு துகளிடமும் மூன்று கேள்விகளில் ஒன்றைக் கேட்கலாம்; பதில் ஆம் அல்லது இல்லை. ஒரே கேள்வியைக் கேட்டால் இரண்டும் எப்போதும் ஒரே பதிலைச் சொல்லும். முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்த ஜோடி என்றால், மூன்று பதில்களில் குறைந்தது இரண்டு ஒன்றாக இருந்தே தீரும். இருப்பதே இரண்டு பதில்தானே! எனவே வெவ்வேறு கேள்வி கேட்டாலும், சராசரியாக மூன்றில் ஒரு தடவையாவது பதில் ஒத்துப்போக வேண்டும். குவாண்டம் கணக்கில் இது நான்கில் ஒரு தடவைதான் வரும்.

ஐன்ஸ்டைன்தான் ஜெயிப்பார் என்று நம்பிச் சோதனையில் இறங்கியவர் அமெரிக்காவின் ஜான் கிளவுசர். 1972ல் வந்த முடிவு அவர் நம்பிக்கையைக் கவிழ்த்தது. பிறகு அலன் அஸ்பெவும் அன்டன் ஸைலிங்கரும் சோதனைகளை இறுக்கினார்கள், பதில் மாறவில்லை. மூவருக்கும் 2022ல் நோபல் பரிசு. பெல் 1990லேயே காலமாகிவிட்டார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு முனையிலும் கிடைப்பது தாறுமாறான ஆம்-இல்லை வரிசைதான். இரண்டையும் ஒப்பிட்டால்தான் பொருத்தம் தெரியும். ஒப்பிடுவதற்குப் போன் போட்டாக வேண்டும். பின்னலை மட்டும் வைத்து ஒரு 'ஹலோ'கூடச் சொல்ல முடியாது. ஆகவே, குவாண்டம் தொடர்பு மூலம் இருந்த இடத்திலிருந்தே உங்கள் மூட்டுவலியைக் குணப்படுத்துவதாக யாராவது கட்டணம் கேட்டால், கட்டணமும் அதே வழியில் வந்து சேரும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.